முதல் தட்டில் இரண்டு நிமிடம் பத்து விநாடி

எட்வின் தங்கையாவின் முழுத் தொகுப்புக்காக நான் முப்பது பாட்டுகளை ஊர் ஊராகப் போய் அழைத்து வந்திருந்தேன். முப்பத்தொன்றாவது பாட்டு போத்தனூரில், ஒரு குடும்ப அட்டையில் பெயரோடு இருந்தது.

எங்கள் வேலை எளிமையானது. ரெக்கார்டு ஆகாத பாட்டு, அதைக் கடைசி வரை கேட்டவரோடு போய்விடும். பல பேர் கேட்டிருந்தால், யார் வீட்டில் இடம் இருக்கிறதோ அங்கே போகும். ஒருவருமே கடைசி வரை கேட்காத பாட்டு, பாடியவர் வாயை மூடியதும் இறந்துவிடும். ரெக்கார்டு ஆன பாட்டு தட்டிலேயே தங்கிவிடும்; அதன் பிறகு எந்த வீட்டுக்கும் திரும்பாது. ரெக்கார்டு கம்பெனியில் சேர்ந்த அன்று இந்த விதிகளைத் தட்டச்சு செய்து கொடுத்தார்கள். நான் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

எட்வின், தமிழில் ராக் அண்ட் ரோல் பாடிய முதல் ஆள் என்று எங்கள் மேனேஜர் சாரங்கன் சொல்வார். எட்வின் அதை மறுத்ததும் இல்லை, ஆமோதித்ததும் இல்லை. அவர் ஒரு இஞ்சின் டிரைவரின் மகன். 1957 முதல் ஐந்து வருடம் ரயில்வே காலனிகளில் ஒரு கிடாரை வைத்துக்கொண்டு பாடினார். அந்த ஐந்து வருடத்தில் ஒருவரும் அவரை ரெக்கார்டு செய்யவில்லை. அதற்குப் பிந்தைய முப்பத்தைந்து வருடப் பாட்டுகள் ஏழு தட்டுகளில் தயாராக இருந்தன. முதல் தட்டு மட்டும் அந்த ஐந்து வருடத்துக்காகக் காத்திருந்தது.

பாட்டுகளை அழைத்து வருவதில் பெரிய சிரமம் இல்லை. அரக்கோணத்துப் பாட்டு ஒரு மிட்டாய்க் கடையில் வேலையில் இருந்தது. முதலாளியிடம் சொல்லிவிட்டு வந்தது. ஜோலார்பேட்டைப் பாட்டு தாலாட்டாக மாறி மூன்று பிள்ளைகளைத் தூங்கவைத்துக் களைத்திருந்தது. அது ஒரு காலத்தில் ஆட்டம் போடவைத்த பாட்டு என்பதை நான்தான் நினைவுபடுத்த வேண்டியிருந்தது. விழுப்புரத்தில் இருந்தது, நான் போவதற்கு முன்பே பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு நின்றது. சில பாட்டுகள் வயதில் நீண்டிருந்தன, சில சுருங்கியிருந்தன. எல்லாவற்றையும் சேர்த்ததில் எழுபத்தொரு நிமிடம் ஐம்பது விநாடி வந்தது. ஒரு சி.டி. தட்டு எழுபத்து நான்கு நிமிடம் பிடிக்கும்.

"மிச்சம் இருக்கற ரெண்டு நிமிஷம் பத்து செகண்டை அப்படியே விட்டுடுங்க தம்பி" என்றார் எட்வின். "அது முதல் பாட்டோட இடம். தட்டு ஆரம்பிக்கும்போதே அது வரணும். சத்தமில்லாம."

பல்லாவரத்தில் அவருடைய வீட்டில் உட்கார்ந்திருந்தோம். அறுபத்திரண்டு வயதிலும் வீட்டுக்குள்ளேயே பளபளப்பான கறுப்பு ஷூ போட்டிருப்பார். கால் எப்போது தாளம் போட நினைக்கும் என்று சொல்ல முடியாது, வெறுங்காலாக இருந்தால் அதற்குச் சங்கடம் என்பார்.

"அந்தப் பாட்டு என்ன ஆச்சு சார்?"

"போயிடுச்சு. போத்தனூர் ரயில்வே இன்ஸ்டிட்யூட் டான்ஸ் ஹால்ல, கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை, மத்தியானம் மூணு மணி. எல்லாரும் ஜோடி ஜோடியா மெதுவா ஆடறதுக்கு வந்திருந்தாங்க. நான் ஆரம்பிச்சதும் நாற்காலி நகர்ற சத்தம் கேட்டுச்சு. கண்ணை மூடிக்கிட்டேன். மூடிக்கிட்டே பாடி முடிச்சேன், மூடிக்கிட்டே பின் கதவு வழியா வெளியே போயிட்டேன். அதுக்கப்புறம் அந்த ஊர் பக்கம் போகல. ரயில் அந்த வழியாப் போனாலும் எதிர்ப்பக்கத்து ஜன்னல்ல உக்காந்துக்குவேன்."

நான் குறித்துக்கொண்டேன். தட்டின் உறையில், ‘1. டிக்கெட் இல்லாத காத்து (மறைந்தது), 2:10’ என்று அச்சடிக்க ஏற்பாடு செய்தோம்.

தொகுப்பைப் பற்றிப் பத்திரிகையில் செய்தி வந்த ஒன்பதாம் நாள் ஒரு தபால் வந்தது.

"ஐயா, முதல் பாட்டு இறந்துவிட்டதாகப் போட்டிருக்கிறீர்கள். தவறு. என்னிடம் இருக்கிறது. முழங்கால் வலி தவிர வேறு தொந்தரவு இல்லை. அத்தாட்சிக்குக் குடும்ப அட்டையின் நகல் வைத்திருக்கிறேன். இப்படிக்கு, சு. அம்சவேணி, ரயில்வே டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் (ஓய்வு), போத்தனூர்."

நகலைப் பார்த்தேன். முதல் வரியில் அம்சவேணி, வயது 61, குடும்பத் தலைவர். இரண்டாவது வரியில் டிக்கெட் இல்லாத காத்து, வயது 41. உறவுமுறை என்ற கட்டத்தில் முதலில் ‘பாட்டி’ என்று எழுதி, அதை அடித்து, ‘பாட்டு’ என்று திருத்தியிருந்தார்கள். திருத்தத்துக்குப் பக்கத்தில் அலுவலரின் சுருக்கொப்பம் இருந்தது. ஆவணம் சரியாகவே இருந்தது.

எட்வினிடம் உடனே சொல்லவில்லை. நேரில் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று மறுநாள் போத்தனூருக்குப் புறப்பட்டேன்.

வீடு ஸ்டேஷனுக்குப் பின்னால் மூன்றாவது சந்தில் இருந்தது. வாசலில் சங்குப்பூக் கொடி. அம்சவேணி உயரமானவர், நரைத்த முடியை இறுக்கிப் பின்னி, கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். நாற்பது வருடம் அடுத்தவருக்கு லைன் போட்டுக் கொடுத்தவரின் குரல், தெளிவாகவும் அவசரமில்லாமலும் இருந்தது.

"வாங்க, உக்காருங்க. காப்பி குடிப்பீங்களா?"

சமையலறையிலிருந்து ஒரு குரல், "இஞ்சினுக்குத் தாகம்" என்றது.

"அதான் கேட்டுட்டிருக்கேன். ரெண்டு டம்ளர் எடுத்து வை" என்றார் அம்சவேணி. பிறகு என் பக்கம் திரும்பி, "அதுக்குப் பதினாறு வரிதானுங்க தெரியும். அதுக்கு மேல பேச வராது. எங்களுக்கு அது போதும்" என்றார்.

நான் எட்டிப் பார்த்தேன். பாட்டு, பால் பொங்காமல் பார்த்துக்கொண்டு அடுப்பருகே நின்றது. நான் பார்த்த ராக் அண்ட் ரோல் பாட்டுகளில் அதுதான் அமைதியானது. உடம்பு கொஞ்சம் போட்டிருந்தது. வலது முழங்காலில் தைலம் தேய்த்திருந்தது. வாசனை கூடம் வரை வந்தது. இத்தனை வருடத்தில் அந்தப் பதினாறு வரிகளுக்குள் ஒரு குடும்பத்தின் பேச்சு முழுக்க அடங்கிவிட்டிருந்தது. வாசலில் ஆள் வந்தாலும், சரி என்றாலும் ‘சிக்னல் விழுந்தாச்சு’. வேண்டாம் என்றால் ‘கார்டு ஐயா தூங்கறார்’. மழை வந்து துணி நனைந்தால் ‘கரி வண்டி கண்ணீர் விடுது’.

"நீங்க மட்டும் எப்படிம்மா கடைசி வரைக்கும் கேட்டீங்க?" என்றேன்.

"கேக்கோணும்னு உக்காரலீங்க. அன்னைக்கு எல்லாரும் அவசரமா எந்திரிச்சுப் போனதுல, என்ற செருப்புல ஒண்ண யாரோ மாட்டிட்டுப் போயிட்டாங்க. வெளிய எடுக்கப் போனா, ஒரு செருப்பு என்னுது, இன்னொண்ணு யாருதோ. ரெண்டையும் கையில எடுத்துட்டு வந்து, மாத்திப் போட்டவங்க திரும்பி வருவாங்கன்னு உக்காந்திருந்தேன். பாடிட்டிருந்தாரு. கேட்டேன்."

"பிடிச்சுதா?"

"பாதி வரைக்கும் செருப்பை நெனச்சுட்டிருந்தேன். அப்புறம் நெனைக்கல."

பாட்டு முடிந்ததும் பாடினவரைக் காணவில்லை. செருப்புக்காரரும் வரவில்லை. அம்சவேணி வெறுங்காலோடு வீட்டுக்கு நடந்தார். பின்னாலேயே இது வந்தது. அம்மா சாப்பாட்டுக்கு ஒரு தட்டு அதிகமாக வைத்தாள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு இருவர் மட்டும் ஆனார்கள்.

காப்பி குடித்ததும் நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். அம்சவேணி டம்ளரைக் கீழே வைத்தார்.

"பாக்கத்தானுங்க எழுதினேன். கூட்டிட்டுப் போங்கன்னு எழுதல. உசுரோட இருக்கறத இல்லைன்னு பத்திரிகையில போட்டா மனசு கேக்குமா? திருத்தி ஒரு வரி போட்டீங்கன்னாப் போதும்."

"வெளியில கொண்டுவரணும்னா ரெக்கார்டு பண்ணித்தானேம்மா ஆகணும்."

"ரெக்கார்டு ஆனா வீட்டுக்கு வராதில்லீங்க?"

"வராது."

"கார்டு ஐயா தூங்கறார்" என்றது பாட்டு, சமையலறையிலிருந்து.

கிளம்புமுன் கடிகாரத்தை வைத்து அளந்துகொள்ளலாமா என்று கேட்டேன். அதற்கு மறுப்பு இல்லை. பாட்டு கூடத்துக்கு வந்து நின்று, முதலிலிருந்து கடைசி வரை தன்னைப் பாடியது. மூன்று நிமிடம் ஐந்து விநாடி வந்தது.

ஸ்டேஷன் எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்திலிருந்து எட்வினைக் கூப்பிட்டேன்.

"சார், முதல் பாட்டு உயிரோட இருக்கு."

அவருடைய ஷூ தரையில் ஒரு தடவை தட்டியது மட்டும் கேட்டது.

"யார்கிட்ட?"

"எக்ஸ்சேஞ்ச்ல இருந்த ஒரு அம்மாகிட்ட. அன்னைக்கு ஹால்ல இருந்திருக்காங்க."

"முழுசாக் கேட்டாங்களா?"

"முழுசா."

"நாளைக்கு வர்றேன்" என்றார்.

மறுநாள் மதியம் வந்து இறங்கினார். கையில் கிடார் இல்லை, ஒரு சின்னப் பெட்டி மட்டும். பிளாட்பாரத்தில் கொஞ்ச நேரம் நின்று, எதிர்ப்பக்கத்தைப் பார்த்தார். பிறகு நடந்தோம். வீட்டு வாசலில் குனிந்து கயிறுகளை அவிழ்த்து ஷூவைக் கழற்றினார். அவருடைய சாக்ஸை நான் அன்றுதான் பார்த்தேன். நீலம்.

பாட்டு அவரை அடையாளம் காணவில்லை. பாடும்போது அவர் கண்ணை மூடியிருந்ததால் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தது கிடையாது.

"இவருதான் உன்னையப் பாடினவரு" என்றார் அம்சவேணி.

பாட்டு அவரை மேலும் கீழும் பார்த்தது. "எந்த ஸ்டேஷன்ல இறங்கும்?" என்றது.

"எத்தன நாளைக்குத் தங்குவீங்கன்னு கேக்குது."

"இன்னும் தெரியல" என்றார் எட்வின், பாட்டிடமே.

பிறகு கேட்கலாமா என்று அனுமதி வாங்கிக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். பாட்டு நடுக்கூடத்தில் நின்று பாடியது. இந்த முறை அவர் கண்ணை மூடவில்லை. மூன்று நிமிடம் ஐந்து விநாடியும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நல்லா வளத்திருக்கீங்க" என்றார்.

"அதுவா வளந்துச்சுங்க" என்றார் அம்சவேணி.

"அன்னைக்கு முடிஞ்சதும் நீங்க கைதட்டினீங்களா? நான்தான் கேக்காமப் போயிட்டேனோன்னு..."

"இல்லீங்க. ரெண்டு கையிலயும் செருப்பு இருந்துச்சு."

எட்வின் தலையாட்டினார். அந்த விளக்கம் அவருக்கு நியாயமாகப் பட்டது என்று நினைக்கிறேன்.

அன்று மாலை சாரங்கனிடம் பேசினேன். முதல் பாட்டு கிடைத்ததில் அவருக்கு மகிழ்ச்சி. ஆனால் இடம் இரண்டு நிமிடம் பத்து விநாடிதான், ஒரு விநாடி கூடினாலும் விழுப்புரத்துப் பாட்டை வெளியே அனுப்ப வேண்டியிருக்கும் என்றார். விழுப்புரத்துப் பாட்டு தட்டுக்குள் போய் நன்றாகப் பழகிவிட்டிருந்தது. அதை எழுப்புவது முறையில்லை.

"ஐம்பத்தஞ்சு செகண்டு இளைக்கணும்" என்று எட்வினிடம் சொன்னேன். அம்சவேணி இன்னும் சம்மதிக்காத விஷயத்துக்கு இது முன்னேற்பாடுதான். ஆனால் எடை குறைந்தால் முழங்காலுக்கு நல்லது என்று அவரும் தடை சொல்லவில்லை.

தினமும் காலை ஆறரைக்குப் பிளாட்பாரத்தில் நடை. முன்னால் பாட்டும் எட்வினும், பின்னால் அம்சவேணி, கடைசியில் கடிகாரத்தோடு நான். ஸ்டேஷன் மாஸ்டர் மூன்று பிளாட்பாரம் டிக்கெட் போதும் என்றார். பாட்டுக்கு ஏற்கனவே பாஸ் இருந்தது. எட்வின் ரயில்வே ஓய்வறையில் தங்கினார். காலை நடைக்குப் பிறகு அம்சவேணி வீட்டில் இட்லி. பிறகு எட்வின் கொல்லையில் உட்கார்ந்து பாட்டிடம் தன் மற்ற பாட்டுகளைப் பற்றிச் சொல்வார். முப்பத்தைந்து வருட ரெக்கார்டுகள், மேடைகள், ஒரு மழைக்காலத்தில் கிடார் உப்பிப்போனது எல்லாவற்றையும். பாட்டு பொறுமையாகக் கேட்கும். சில சமயம் ‘கரி வண்டி கண்ணீர் விடுது’ என்று சொல்லி அவர் கையைத் தட்டிக்கொடுக்கும்.

எனக்கு அவசரம் இருந்திருக்க வேண்டும், ஆனால் இல்லை. அந்த ஊரின் காலை வெயில் இதமாக இருந்தது.

எட்டாம் நாள் பாட்டு மூன்று நிமிடம் மூன்று விநாடிக்கு இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை அம்சவேணி எண்ணெய் சொட்ட வெல்லக் கச்சாயம் சுட்டார். திங்கட்கிழமை மறுபடி மூன்று நிமிடம் ஐந்து விநாடி.

அன்று எட்வின் என் கையிலிருந்து கடிகாரத்தை வாங்கிக்கொண்டார். "இன்னொரு தடவை பாடச் சொல்லுங்க. மெதுவாப் போற இடம் எதுன்னு பாக்கலாம்."

பாட்டு பாடியது. இரண்டாவது சரணம் முடிந்ததும் ஒரு நீண்ட நிறுத்தம் வந்தது. எட்வின் கையை உயர்த்தினார்.

"இது நான் போட்டதில்ல. பதினோரு செகண்டு."

அம்சவேணி கொல்லைக் குழாயைப் பார்த்தார். "அது குடம் நெறையற நேரமுங்க. தண்ணி பிடிக்கறப்போ பாடிட்டே வந்து அங்க நிக்கும். நெறஞ்சதும் தொடரும்."

அடுத்த நிறுத்தம் மூன்றாவது சரணத்தின் நடுவில் இருந்தது. ஒன்பது விநாடி. மெல்லிய ஒரு ‘டக்’, பிறகு காத்திருப்பு, பிறகு இன்னொரு ‘டக்’.

"எக்ஸ்சேஞ்ச்சுக்குக் கூட்டிட்டுப் போவேன், பக்கத்து ஸ்டூல்ல உக்காந்திருக்கும். ஈரோட்டு லைன் கிடைக்க அவ்வளவு நேரம் ஆகும்."

கடைசிச் சரணத்துக்கு முன்னால் பதினைந்து விநாடி ஒன்றுமே இல்லை. அம்சவேணி கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார்.

"எங்கம்மா போனப்போ இதுதான் பாடிட்டிருந்துச்சு. பாதியில நிறுத்திடுச்சு. அப்புறம் எப்பப் பாடினாலும் அந்த இடத்துல நிறுத்தும். நானும் ஏன்னு கேட்டதில்ல."

முடிவில், வரிகள் எல்லாம் தீர்ந்த பிறகு, இருபது விநாடி ஒரு முனகல் இருந்தது. ராக் அண்ட் ரோலும் இல்லை, வேறெந்த வகையும் இல்லை. அம்சவேணி தலை வாரும்போது அப்படித்தான் முனகுவார் என்பதை இந்த ஒன்பது நாளில் நானே கவனித்திருந்தேன்.

எட்வின் கடிகாரத்தை நிறுத்தினார். பதினொன்று, ஒன்பது, பதினைந்து, இருபது. அவர் கூட்டிப் பார்க்கவில்லை. கடிகாரத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"தம்பி, நாம ஊருக்குப் போகலாம். இடம் காலியாவே இருக்கட்டும். ‘மறைந்தது’ன்னு போட்டதை மட்டும் எடுத்துட்டு, ‘போத்தனூரில் இருக்கிறது’ன்னு போட்டுடுங்க. எனக்கு அது போதும்."

"சார், நாப்பத்தோரு வருஷமா நீங்க..."

"செத்துப்போச்சுன்னு நெனச்சு இருந்தேன். இப்ப இட்லி சாப்பிட்டுக்கிட்டு நல்லா இருக்கு. இதுக்கு மேல என்ன?"

அவர் வாசலுக்குப் போய் ஷூவை மாட்ட ஆரம்பித்தார். வயதானவர்களுக்குக் கயிறு கட்ட நேரம் ஆகும். அம்சவேணி அவர் குனிந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார். இடது கால் முடிந்து வலது காலுக்கு வந்தபோது பேசினார்.

"ஏனுங்க, அப்பக் கணக்குப் பாத்தா ரெண்டு நிமிஷம் பத்து செகண்டு உங்களுது. மிச்சம் எங்க வீட்டுது. அப்படித்தானே?"

"அப்படித்தான் தோணுது" என்றார் எட்வின், குனிந்தபடியே.

"பிரிக்க முடியுமுங்களா?"

எட்வின் என்னைப் பார்த்தார். நான் விதிகளை மனதில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். பிரிக்கக் கூடாது என்று எதிலும் இல்லை.

"ரெக்கார்டு ஆகற பாகம் மட்டும்தான் தட்டுக்குப் போகும். ஆகாதது வீட்டுலயே இருக்கும்" என்றேன்.

"அதுக்குச் சம்மதமான்னு அதுகிட்டத்தான் கேக்கோணும்" என்றார் அம்சவேணி. பாட்டைக் கொல்லைக்கு அழைத்துப் போனார். குழாயடியில் இருவரும் நின்றார்கள். அவர் என்ன சொன்னார் என்பது எங்களுக்குக் கேட்கவில்லை. குடம் நிறைந்து வழிந்தது; ஒருவரும் குழாயை மூடவில்லை. பிறகு பாட்டு கூடத்துக்கு வந்து, எட்வினுக்கு எதிரே நின்று, "சிக்னல் விழுந்தாச்சு" என்றது.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ரெக்கார்டிங். மைக்கைக் கூடத்தின் நடுவில் வைத்தேன். மின்விசிறியை நிறுத்தினோம். அம்சவேணி நாற்காலியில் உட்கார்ந்தார், எட்வின் அவரிடம் கேட்டு ஷூ போட்டபடியே சுவரோரம் நின்றார். பாட்டு புதுத்துணி உடுத்தியிருந்தது.

ஆரம்பித்தது. இரண்டாவது சரணம் முடிந்ததும் பதினோரு விநாடியைத் தன்னிடமிருந்து கழற்றி அம்சவேணியின் மடியில் வைத்துவிட்டுத் தொடர்ந்தது. பிறகு அந்த ஒன்பது விநாடி. பிறகு பதினைந்தை இரு கைகளாலும் எடுத்து மெதுவாக வைத்தது. ஒவ்வொன்றையும் வைக்க வைக்க அது வேகம் பிடித்தது. முழங்கால் வலியும் அந்தப் பாகங்களோடு இறங்கிவிட்டது போலிருந்தது. கடைசிச் சரணத்தில் அதற்கு இருபத்தொரு வயதுக் கால்கள் இருந்தன. எட்வினின் வலது ஷூ தரையில் தாளம் போட்டது. மைக்கில் விழுந்தாலும் பரவாயில்லை என்று நான் விட்டுவிட்டேன். அன்றைய மேடையிலும் அது இருந்திருக்கும்.

கடைசியில் முனகலையும் மடியில் வைத்துவிட்டு, பாட்டு அம்சவேணியை ஒரு முறை பார்த்தது. "சிரிச்சுக்கிட்டே தாண்டும்" என்றது. அதுதான் அதன் பதினாறாவது வரி. இரண்டு நிமிடம் பத்து விநாடி. நடுக்கூடத்தில் மைக் மட்டும் நின்றது.

நான் கையைக் காட்டி எல்லோரையும் அசையாமல் இருக்கச் சொன்னேன். அதற்கு மேல் ஒரு விநாடிக்கும் தட்டில் இடமில்லை. இயந்திரத்தை நிறுத்தி, சிவப்பு விளக்கு அணைந்த பிறகு தலையசைத்தேன்.

அம்சவேணி எழுந்து நின்று கைதட்டினார். வேகமாக இல்லை. ஒவ்வொரு தட்டலுக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டு, நிறைய நேரம் தட்டினார். எட்வின் சுவரோரத்திலிருந்து நடுக்கூடத்துக்கு வந்து, இடுப்பை வளைத்து வணங்கினார். இந்த முறை கண்ணைத் திறந்தே வைத்திருந்தார்.

மடியிலிருந்து இறங்கிய ஐம்பத்தைந்து விநாடியும் அம்சவேணியின் பக்கத்தில் நின்றது. ஒல்லியாக, சின்னதாக இருந்தது. அதற்கு ஒரு வரிகூடக் கிடையாது.

"இனிமே எப்படிம்மா பேசிக்குவீங்க?" என்று கேட்டேன்.

"பேச்சுதானுங்க அதுல போச்சு. விஷயமெல்லாம் இதுலதான் இருக்குது" என்றார்.

தொகுப்பு ஏப்ரலில் வெளிவந்தது. எட்டுத் தட்டுகள், நீலத் துணி ஒட்டிய பெட்டி. முதல் தட்டு சத்தத்தோடு ஆரம்பித்தது. உறையில் ‘மறைந்தது’ என்பதை எடுத்துவிட்டு, ‘உதவி: சு. அம்சவேணி, போத்தனூர்’ என்று அச்சடித்தோம். அவருக்கு ஒரு பெட்டி அனுப்பினேன். விதிப்படி பாட்டு வீட்டுக்குத் திரும்பாது, ஆனால் விருந்தாளியாக வந்து போவதை எந்த விதியும் தடுக்கவில்லை.

ஆகஸ்டில் ஒரு கடிதம் வந்தது.

"நாகலிங்கம் தம்பிக்கு, பெட்டி கிடைத்தது. தினம் காலையில் முதல் தட்டைப் போடுகிறேன். சின்னது பக்கத்தில் உட்கார்ந்து, தன் இடங்கள் வரும்போது சேர்ந்துகொள்கிறது. எட்வின் சார் மாதத்தில் முதல் சனிக்கிழமை வந்துவிடுகிறார். இப்போதெல்லாம் பிளாட்பாரத்துப் பக்கத்து ஜன்னலில்தான் உட்கார்ந்து வருகிறாராம். போன முறை கிடார் கொண்டுவந்தார். சின்னதை நேற்று அளந்து பார்த்தேன். ஒரு நிமிடம் நான்கு விநாடி இருக்கிறது. கூடின ஒன்பது விநாடி அவருடையது. ரெக்கார்டு செய்ய ஆள் அனுப்ப வேண்டாம் என்று சாரங்கன் சாரிடம் சொல்லிவிடவும். குடும்ப அட்டையில் பெயர் மாற்றம் கேட்டு மனுக் கொடுத்திருக்கிறேன்."

படித்து மடித்து இழுப்பறையில் வைத்தேன். அப்போது சாரங்கன் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, அடுத்த முழுத் தொகுப்புக்கு உரியவர் வந்து காத்திருப்பதாகச் சொன்னார்.

உள்ளே போனேன். விருந்தினர் நாற்காலியில் செங்கல்பட்டு வட்டாரத்து வடகிழக்குப் பருவமழை உட்கார்ந்திருந்தது. தொழிலில் நீண்ட அனுபவம் உள்ளது என்பது பார்த்ததுமே தெரிந்தது. தன் ஆரம்பகாலத் தூறல்கள் முதல் தட்டில் வர வேண்டும், புயல்கள் கடைசித் தட்டுக்கு மேல் போகக் கூடாது என்றது. நியாயமான கோரிக்கைகள்தான். நான் ஒப்பந்தத்தை எடுத்து வைத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டி, நனைந்தாலும் மை கரையாத பந்து முனைப் பேனாவாகப் பார்த்துக் கொடுத்தேன்.